ஃபுல் கரண்ட்

1975 மார்ச் 12, புதன்

படம் கழுவுகிற தொட்டியில் இருப்பது டெவலப்பர் மருந்தா காப்பித் தண்ணியா என்று இனிமேல் குடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காலையில் டாக்டர் ஆதிகேசவனிடம் போய் நின்றேன். நாஷ்டா முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், படம் வெளுத்து வருது. மருந்து செத்துப் போச்சு."

"கரண்ட்ட ஏத்திக்கோ ஆசீர்வாதம்."

அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி பஜாரில் எக்ஸ்ரே என்று போர்டு மாட்டிய கிளினிக்கின் விஞ்ஞானம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. மருந்து வீரியமாக இருந்தால் கொஞ்சம் கதிர் போதும், படம் தெளிவாக விழும். மருந்து செத்துப்போனால் அதே படத்துக்கு மூன்று மடங்கு, நாலு மடங்கு கதிர் வேண்டும். அந்தக் கதிர் ஃபிலிமுக்குப் போகிற வழியில் ஒருவனுடைய நெஞ்சு இருக்கிறது. ஒரு பொட்டலம் பொடியை மிச்சம் பிடிக்க மனுஷனைச் செலவழிக்கிறோம்.

புது பாக்டரிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி மாரியப்பன் இன்றைக்கும் ஒரு லாரி ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாரும் ஏர் உழுத, நாற்று நட்ட ஆட்கள். விலா எலும்பை எண்ண எக்ஸ்ரே தேவையில்லை, சட்டையைக் கழற்றினாலே போதும். அந்த உடம்புகளுக்கும் குண்டு மளிகைக்காரருக்கும் ஒரே கரண்ட்.

என் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருக்கிறது. எனக்கு எவ்வளவு கதிர் பட்டது என்று அது பம்பாய்க்குப் போய்ச் சொல்லிவிட்டு வரும். நான் சுவருக்குப் பின்னால் நிற்கிறவன். முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு பேட்ஜும் கிடையாது.

மார்ச் 14

ஃபிலிம் வைக்கிற கேசட் ஒன்றின் கீல் உடைந்தது. டாக்டர் ரப்பர் பேண்ட் கொடுத்தார்.

மார்ச் 19, புதன்

தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன். கால் தடுக்கியது என்று சொன்னேன்.

டாக்டர் டார்க் ரூம் வாசலில் நின்று தரையில் ஓடுகிற கருப்புத் தண்ணியையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தத் தொட்டி உன் இடுப்பு ஒசரம் இருக்கு. இடுப்பாலயா தடுக்கின?" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். மெட்ராஸில் இதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதியவர். தெரிந்துகொண்டே செய்கிறவரிடம் நான் எதைச் சொல்லி விளக்குவது?

புதுப் பொடி வந்தது. தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒரு கவை செய்து வைத்திருக்கிறேன். நெஞ்சின் கனத்தை அதில் அளந்து, ஆளுக்குத் தக்கபடி கரண்ட்டைக் குறைத்தேன். முதல் படம் ஃபிக்சர் தொட்டியிலிருந்து வெளியே வந்தபோது எனக்கே சிலிர்த்துவிட்டது. எலும்புக்கு நடுவில் ரத்தக் குழாய் கிளை பிரிகிறது நூல் நூலாகத் தெரிகிறது. முன்பு போன கதிரில் கால்வாசிகூட இல்லை. நான் பெருமைக்காரன்தான். இந்த ஜில்லாவில் இப்படி ஒரு படம் எடுக்க இன்னொருத்தன் வரட்டும், பார்க்கலாம்.

மார்ச் 26

படம் தெளிந்தது, சனியன் பிடித்தது.

படத்தில் நுரையீரல் கருப்பாக விழும். டி.பி. இருந்தால் அந்த இடம் வெள்ளையாக விழும். முன்னாடி கரண்ட் ஏறி எல்லாமே கருப்பாக, கலங்கலாக இருந்ததால் வெள்ளை அதற்குள் முழுகிப் போய்விடும். எல்லாரும் ஃபிட். இப்போது வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. போன புதனன்று எடுத்ததில் ஏழு பேருக்கு நிழல். படங்கள் பாக்டரியின் மெட்ராஸ் ஆபீசுக்குப் போகின்றன. அங்கே ஒரு டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாராம். ஏழு பேரும் அன்ஃபிட் என்று இன்று திரும்பி வந்தது.

மாரியப்பன் மேஸ்திரி கிளினிக்குக்குள் செருப்போடு வந்தார்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற? உனுக்கு முன்ன முனுசாமின்னு ஒர்த்தன் இருந்தானே, அவன் எடுத்தா மிஷினு கும்முனு சத்தம் போடும். ஒரு ஆளு தவறாம பாஸு. நீ எடுத்தா பூனை மாதிரி முணுமுணுங்குது. கரண்ட்ட கம்மி பண்ணி ஜனங்களுக்குப் புள்ளி வெக்கிறியா?"

"புள்ளிய நான் வெக்கல மேஸ்திரி. உள்ள கீறதுதான் தெரியுது."

"முனுசாமி எடுக்கசொல்ல தெரியலியே?"

அவர் கேட்பதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது. ஒரே நெஞ்சு. ஒருத்தன் எடுத்தால் சுத்தம், இன்னொருத்தன் எடுத்தால் நோய். மிஷினைத்தானே சந்தேகப்படுவார்கள்?

மார்ச் 30, ஈஸ்டர்

பூசை முடிந்து வெளியே வந்தேன். கோயில் வாசலில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஏழு பேரில் நாலு பேர் எங்கள் தெரு. கூலிக்காரத் தெருவில் பிறந்து பத்தாவது முடித்து மெட்ராஸில் சர்டிபிகேட் வாங்கினவன் நான் ஒருத்தன்தான் என்று போன வருஷம்வரை மார் தட்டிக்கொண்டவர்கள் இவர்களே.

அவர்களில் ஒருவனான ராஜவேலுவின் மனைவி செண்பகம் மட்டும் நேரே வந்து கேட்டாள். "அல்லார்க்கும் ஃபுல் கரண்ட் குத்தாங்களாம், எங்க ஊட்டுக்காரனுக்கு மட்டும் அரை கரண்ட்டாமே? எங்களுக்கு இன்னா கொறச்சல்ணா?"

அரை கரண்ட்! ரேஷனில் அரிசியைக் குறைத்து அளந்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள். குறைவாகக் கொடுத்ததுதான் நல்லது என்று இவர்களுக்கு யார் சொல்வது? குறைவாகக் கொடுத்து நல்லது செய்தவன் ஒருத்தனையாவது இவர்கள் ஜன்மத்தில் பார்த்திருக்கிறார்களா? ராஜவேலுவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன். மாத்திரை இலவசம், ஒன்றரை வருஷம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றேன். "ஒன்றர வருசம் இன்னாத்தத் துன்றது?" என்றாள்.

என் மனைவி ரத்னா வீட்டுக்கு வருகிறவரை பேசவில்லை. வந்ததும் கேட்டது இதுதான்: "நாம ஏங்க நல்லவங்களா இருக்கணும்னு இப்டிப் பாடுபடறோம்?"

ஏப்ரல் 3

ராஜவேலு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. செங்கல் சூளைக்குப் போயிருக்கிறான்.

ஏப்ரல் 8

தம்பி சின்னதுரையின் பேர் பாக்டரி லிஸ்டில் வந்திருக்கிறது. ஃபிட்டர் படிப்பு முடித்து இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தவன். வீட்டுக்கு ஓடி வந்து ரத்னாவைத் தூக்காத குறை. "அண்ணி, மொத ஷிப்டு ஆறு மணிக்கு, எனுக்கு டிபன் கட்டிக் குடுப்பியா?" என்றான். வியாழக்கிழமை எக்ஸ்ரே.

சாப்பிடும்போது இரண்டு தடவை இருமினான். புரைக்கேறியது என்றான். இருக்கலாம்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுதியே ஆக வேண்டும்.

அவனைத்தான் முதலில் எடுத்தேன். சட்டையைக் கழற்றிவிட்டுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றான். "எனுக்காவது ஃபுல் கரண்ட் குடு நைனா" என்று கிண்டல் வேறு. அளந்தேன். நெஞ்சு எவ்வளவு ஒட்டிப் போயிருக்கிறது என்பது கவையை வைத்தபோதுதான் தெரிந்தது. கூடவே இருக்கிறேன், கவனிக்கவில்லை.

டார்க் ரூமில் சிவப்பு விளக்கில் படம் மெல்ல எழும்பி வந்தது. முதலில் தோள்பட்டை. பிறகு விலா. பிறகு வலது பக்கம் மேலே, காறை எலும்புக்குக் கீழே, பஞ்சைப் பிய்த்து ஒட்டின மாதிரி வெள்ளை. நல்ல படம். அருமையான படம். சந்தேகத்துக்கே இடம் வைக்காத படம்.

என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. இந்த ஃபிலிமைக் கிழித்துப் போட்டுவிட்டு "அசைஞ்சிட்டடா, இன்னொண்ணு" என்று கூப்பிட்டுக் கரண்ட்டை ஏற்றியிருக்கலாம். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கடைசியில் ஈரத்தோடு டாக்டரிடம் கொண்டு போனேன். அவர் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். பேரைப் பார்த்தார்.

"உன் தம்பிதானே?"

"ஆமா சார்."

"இன்னொரு ஃபிலிம் போடு. நல்லா கருப்பா. நான் கேட்க மாட்டேன்."

"உள்ள நோவு கீது சார்."

"தெரியுது. வேலையும் வேணும்ல? மாத்திரையத் தனியாத் தின்னுட்டுப் போகட்டும்."

வேலைக்குப் போனால் எவன் மாத்திரை தின்பான்? இருமிக்கொண்டே மூன்று ஷிப்டும் போவான். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் ஒட்டவைப்பான். நாளைக்கு அவனுக்கு ஒரு குழந்தை பிறந்தால் அதற்கும். வேண்டாம் சார் என்றேன். டாக்டர் படத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ ரொம்ப நல்லா எடுத்திருக்க. அதான் உன் கஷ்டம்" என்றார்.

ஏப்ரல் 15

அன்ஃபிட்.

சின்னதுரை வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"டாக்டரே வேற படம் எடுக்கச் சொன்னாராமே. நீதான் மாட்டேன்னியாம். மேஸ்திரி சொன்னாரு."

"உனுக்கு நோவுடா தம்பி. சொன்னாக் கேளு..."

"ஊர்ல கீற அல்லார்க்கும் கும்முனு வுட்டாங்க. கூடப் பொறந்தவன் எனுக்கு முணுமுணுன்னு வுட்ட. நீ நல்லா இர்க்கணும்."

போய்விட்டான். ரத்னா எடுத்துவைத்த டிபன் தூக்கு அப்படியே இருக்கிறது. பாக்டரிக்கு என்று வாங்கின புதுத் தூக்கு.

நான் செய்தது சரி. சரிதானே? இதைக் கேட்கக்கூட எனக்கு ஒருத்தரும் இல்லை.

மே 4

மணவாள நகரில் இருக்கும் அக்கா ஆரோக்கியமேரி அவனை வலுக்கட்டாயமாகத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கிருந்து திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்தான். தினம் ஊசி. கோழையில் கிருமி இருக்கிறது என்று சொன்னார்களாம். என் படம் பொய் சொல்லவில்லை. இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

மே 20

மாரியப்பன் மேஸ்திரி ஜெயித்துவிட்டார். இனிமேல் லாரி வருகிற நாட்களில் முனுசாமி வந்து எடுப்பான், நான் கை கால் முறிவுகளைப் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்களாம், கான்ட்ராக்ட் பொன்னேரிக்குப் போய்விடுமாம்.

டார்க் ரூம் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். கும். கும். கும். மருந்தையும் மாற்றுவதில்லை. எல்லாரும் ஃபிட். ராஜவேலுவும் பேரை மாற்றிக் கொடுத்து வந்து ஃபிட் ஆகிவிட்டான்.

இத்தனை பேரில் நோய் உள்ளவன் என்று அகப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் என் தம்பி ஒருத்தன்தான். சபாஷ் ஆசீர்வாதம்.

ஆகஸ்ட் 17

அக்கா வீட்டுக்குப் போனேன். எமர்ஜென்சி வந்ததிலிருந்து ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது. எல்லாரும் அதையே பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள், மற்றதைப் பேசப் பயம்.

நான் உள்ளே நுழைந்ததும் சின்னதுரை சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். ஊசியால் காதில் வண்டு பாடுகிற மாதிரி இருக்கிறதாம், அதனால் கேட்கவில்லையோ என்னவோ என்று அக்கா சமாளித்தாள். கேட்டது. முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். கழுத்தெலும்பு முன்பு போல முட்டவில்லை. வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சை அக்காவின் பிள்ளைகள் தின்றன.

1976 பிப்ரவரி 2

ராஜவேலு இறந்துவிட்டான். பாக்டரி வாசலில் ரத்தம் கக்கினானாம். அவனுடைய படம் இன்னும் மெட்ராஸ் ஆபீசில் ஃபிட் என்று இருக்கும்.

சாவுக்குப் போனேன். செண்பகம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்றுதான் கையைக் கொடுத்தேன். "நீ ஒர்த்தன்தாண்ணா சொன்ன" என்றாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னேன். "நாம ஃபிட் குடுக்கலன்னா வேற ஒருத்தன் குடுத்திருப்பான்" என்றார். நாம என்றாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 11

எழுத ஒன்றும் இல்லை. முறிந்த கை இரண்டு. தொண்டையில் முள் சிக்கிய பழவேற்காட்டு மீனவர் ஒருவர். முள் படத்தில் தெரியவில்லை, அதற்குள் அவரே முழுங்கிவிட்டார்.

அக்டோபர் 24, ஞாயிறு

அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். கோழை சுத்தம், மூன்று தடவை பார்த்துவிட்டார்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எந்த வேலைக்கும் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

தம்பி பிழைத்துவிட்டான். இதை இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். தம்பி பிழைத்துவிட்டான்.

டிசம்பர் 6

ரத்னா போய்க் கெஞ்சி அவனை அழைத்து வந்தாள். ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். அவளுக்காக வந்து நின்றான், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் மருந்து, என் அளவு, சரியான கரண்ட்.

பஞ்சு இல்லை. அந்த இடத்தில் கோடு கோடாக ஒரு வடு. ஆறின புண்ணின் தழும்பு. எந்தப் பச்சை டாக்டரும் பார்த்துச் சொல்லிவிடுவார், இது செத்துப் போன நோய் என்று.

படத்தையும் ஆஸ்பத்திரி காகிதத்தையும் டாக்டர் ஆதிகேசவனிடம் வைத்தேன். "எனக்குத் தெரியுது" என்றார். "மெட்ராஸ் ஆபீஸ் ரூல்ல ஆறினது ஆறாததுன்னு இல்ல. நிழல் இருந்தா அன்ஃபிட். அவ்வளவுதான்."

"அப்போ குணமானவன் இன்னா சார் பண்றது?"

"குணமாகாதவன் பண்றதத்தான்."

1977 ஜனவரி 19

சின்னதுரை கடம்பத்தூரில் நெல் மூட்டை தூக்குகிறான். ஃபிட்டர் படித்தவன். ராஜவேலுவுக்கு இருந்தது உயிருள்ள நோய், அவனுக்கு வேலை கிடைத்தது. இவனுக்கு இருப்பது வெறும் தழும்பு, இவனுக்கு இல்லை. இது என்ன எழவு நியாயம்?

முனுசாமி மஸ்கட்டுக்குப் போய்விட்டான். அங்கே நல்ல சம்பளமாம், எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கிறார்களாம். லாரி ஆட்கள் மறுபடி என் தலையில். நானே வாய் திறந்து கேட்டேன்: "மருந்த மட்டும் ஒழுங்கா வாங்கிக் குடுங்க சார், அளவா எடுத்து நிழல் கீறவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்." ராஜவேலு செத்த பிறகு டாக்டருக்கும் தூக்கம் சரியில்லை போலிருக்கிறது. சரி என்றார்.

பிப்ரவரி 8

பாக்டரியில் ஃபிட்டர் ஆள் எடுக்கிறார்கள். மாரியப்பன் மேஸ்திரி இந்தத் தடவை செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்தார். ராஜவேலு அவருக்கு ஒன்றுவிட்ட மைத்துனன் முறை.

"உன் தம்பி பேரு போட்டுக்கீறேன். நீ மனசு வெச்சா ஆவும்."

"தழும்பு தெரியும் மேஸ்திரி."

"வேற எவன் நெஞ்சையாவது ரெண்டு வாட்டி எடு. ஒண்ணுல இவன் பேரப் போடு."

அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எவனோ ஒருத்தன், ஒன்றும் தெரியாதவன், என் தம்பிக்காக எதற்கு இரண்டு தடவை கதிர் வாங்க வேண்டும்? கதிர் வாங்குவதாக இருந்தால் எங்கள் வீட்டு நெஞ்சே வாங்கட்டும்.

பிப்ரவரி 10, வியாழன்

எடுத்தேன்.

கவையை எடுக்கவில்லை. அளக்க வேண்டிய வேலையே இல்லை. டயலை முனுசாமி வைக்கிற இடத்துக்குத் திருப்பினேன், அதற்கும் மேலே ஒரு கட்டம். டைமரையும் கூட்டினேன். என் கைக்கு அந்தப் பக்கம் திருப்பிப் பழக்கமில்லை, தடவிப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. "மூச்ச இழு. புடி" என்று சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் வந்து பித்தானை அழுத்தினேன்.

கும் என்றது. எத்தனை தடவை கேட்ட சத்தம். இந்த அறையில் என் கையால் அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. சத்தம் நின்ற பிறகும் நான் பித்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான். கேசட்டில் முகவாயை வைத்து, கைகளை இடுப்பில் ஊன்றி, முகம் சிவக்க. இரண்டு வருஷத்தில் என்னிடம் முதல் தடவையாகப் பேசினான்.

"மூச்ச வுடச் சொல்ல மறந்துட்டியேண்ணா. சாவட்டும்னு வுட்டுட்டியா?"

சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். டார்க் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். பாழாய்ப்போன டெவலப்பருக்கு மேலே குனிந்து நின்று அழுதேன், படம் கெட்டுவிடும் என்ற பயம்கூட இல்லை. கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? தார் பூசின மாதிரி வந்தது. தழும்பு இல்லை. ரத்தக் குழாய் இல்லை. எதுவும் இல்லை.

பிப்ரவரி 17

ஃபிட்.

ரத்னா பரணிலிருந்து டிபன் தூக்கை இறக்கிக் கழுவி வைத்தாள்.

ஜூலை 30

இன்றைய லாரியில் மூன்று பேருக்கு நிழல். மூன்று பேரையும் நானே பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஒருவன் பஸ்ஸில் ஏறும்போதே கேட்டுவிட்டான்: "உன் தம்பிக்கு மட்டும் ஃபுல் கரண்ட் குத்தியாமே?"

அவனுக்குக் குணமாயிடுச்சுடா, உனக்கு ஆகல என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

1978 மார்ச் 3

புது உத்தரவு வந்திருக்கிறது. வேலையில் இருக்கிற எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு படம்.

வருஷத்துக்கு ஒன்று. அவனுக்கு இப்போது இருபத்தாறு வயது. ரிடையர் ஆகிறவரைக்கும் ஒவ்வொரு வருஷமும் நான் அவனை நிறுத்தி வைத்துச் சுட வேண்டும். நான் இல்லாத வருஷம்?

ஏப்ரல் 6, வியாழன்

சின்னதுரையின் ஷிப்டு ஆட்கள் வந்தார்கள். வரிசையில் நிற்கிற புதுப் பையன்களிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தது சுவருக்குப் பின்னாலும் கேட்டது.

"பயந்துக்காதீங்கடா. எங்க அண்ணன்தான். இந்தச் சுத்துவட்டாரத்துல இவரு மாதிரி படம் எடுக்க ஆளு கிடையாது."

அந்தப் பையன்களை அளந்து எடுத்தேன். ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி விழுந்தது. அவனுடையது தார்.

எல்லாரும் போன பிறகு அவனை மட்டும் நிறுத்தினேன். "தம்பி, ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பாத்துக்கறேன்டா. கம்மி கரண்ட்டுதான். யாருக்கும் குடுக்க மாட்டேன். திரும்ப எதனா வந்துக்குதான்னு..."

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தான். "இன்னாத்துக்கு? மறுபடியும் புள்ளி வெக்கவா? ஆள வுடுண்ணா."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எடுக்க விடவில்லை.

டாக்டர் அவனுடைய படத்தை ஜன்னலில் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கவரில் போட்டு ஒட்டினார். அந்த நோய் திரும்பி வரும் என்றால் முதலில் தெரிய வேண்டியவன் நான். அதைத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறவனும் நான்.

ஏப்ரல் 9, ஞாயிறு

இப்போது தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற சின்னதுரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். பெண் பார்த்திருக்கிறார்களாம், திருநின்றவூர், டீச்சர் டிரெயினிங் படித்தவளாம். ரத்னாவோடு ஒரே சிரிப்பு. பாக்டரி கதையெல்லாம் சொன்னான், எனக்குப் பாதிக்கு மேல் நினைவில்லை. வாய் ஓயாமல் பேசினான், மீன் குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டான், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சாயங்காலம் கிளம்பினான். அவ்வளவு நேரமும் எதிரில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு இருமவில்லை.